பழைய வீட்டுக்குள் புது வீடு

எங்கள் ஆபீசுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், வீட்டை இடிப்பதென்று முடிவு செய்துவிட்டுத்தான் படியேறி வருவார்கள். "ஓட்டு வூடு சார். நடுவுல முத்தம் வேற. மழ பேஞ்சா பாதி வூடு நனையுது. இடிச்சுட்டு மாடி எடுக்கணும். பிளான் மட்டும் போட்டுக் குடுங்க" என்பார்கள். எங்கள் ஆர்க்கிடெக்ட் சரி என்றும் சொல்ல மாட்டார், முடியாது என்றும் சொல்ல மாட்டார். "ஒரு தடவ வந்து பாத்துடறேனே" என்பார். பார்க்கப் போய்விட்டால் முடிந்தது. அந்த வீடு இடிபடாது.

போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக முற்றத்தில் போய் நிற்பார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்ப்பார். பிறகு எந்தச் சுவர் மோசமாக இருக்கிறதோ அதனிடம் போய், வலது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார். வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். உளுத்த உத்திரம், பிளந்த மூலை, மழையில் கரைந்த சாந்து, எதுவானாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

"காப்பாத்திடலாம்."

பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் ஆபீஸ். அங்கே சில வருடங்கள் நான் அவருக்கு டிராயிங் போட்டுக் கொடுத்தேன். நாற்காலிகள் எல்லாம் எங்கோ கால் உடைந்து கிடந்து, அவர் எடுத்துவந்து சரிசெய்தவை. அவர் ஓட்டிய ஸ்கூட்டரைப் பழைய இரும்புக் கடைக்காரரே வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பியதாக மேஸ்திரிகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் மறுநாளும் அதைத்தான் உதைத்துக்கொண்டிருப்பார்.

என்னையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். டிப்ளமா சிவில் முடித்தவுடனே கல்யாணம். அது முறிந்து, கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். வேலை கேட்டுப் போனபோது கம்ப்யூட்டரில் ஒரு கோடு இழுக்கக்கூடக் கை வரவில்லை. "எனக்கு எல்லாம் மறந்துபோச்சு சார். நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கம்மா" என்றார். "மறந்ததெல்லாம் எங்க போயிடும்? உள்ளதான் இருக்கும்."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்த பார்வை பிறகு எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. சுவர்களைப் பார்க்கிற அதே பார்வைதான். ஆனால் அன்று அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் இவள் தேறுவாள் என்று நினைத்ததே இல்லை.

அவர் சீனாவில் வேலை பார்த்தவர். பெய்ஜிங்கின் பழைய சந்துகளில் இருக்கிற முற்றத்து வீடுகளைப் புதுப்பிக்கிற ஒரு கம்பெனியில் பல வருடம் இருந்தார். நாலு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம், நம்மூர் வீடு மாதிரியேதான் என்பார். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் ஏழெட்டுக் குடும்பங்கள் குடியேறி, முற்றத்துக்குள்ளேயே ஆளுக்கொரு சமையலறை தடுத்து, கடைசியில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் வானம் தெரியுமாம். இவர்கள் போய்த் தடுப்புகளை எடுத்துவிட்டு, சாம்பல் நிறச் செங்கல் சுவரைத் தொடாமல், உள்ளே தனியாக இரும்புச் சட்டம் இறக்கி, கண்ணாடியும் மரமுமாக ஒரு புது வீட்டைப் பழைய வீட்டுக்குள் வைப்பார்களாம். பாரமெல்லாம் இரும்பின் மேல். பழைய சுவர் சும்மா நின்றால் போதும். முற்றத்து மரத்தை வெட்டாமல் கண்ணாடியை அதைச் சுற்றி வளைத்த ஒரு வீட்டின் போட்டோ ஆபீசில் மாட்டியிருந்தது.

"தெக்குச் சீனாவுல முத்தத்துக்கு வானத்துக் கெணறுன்னு பேரும்மா" என்று ஒருமுறை சொன்னார். "கெணத்தத் தூத்துட்டா அப்புறம் அந்த வூட்ல எப்படி இருப்பாங்க?"

லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீடு செய்தோம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் வளைகுடாவில். கணவரை இழந்த தங்கை ஜுலைகா மட்டும் அங்கே இருந்தார். சுற்றிலும் மாடி வீடுகள் எழும்பிவிட்டதால் பக்கத்து வீட்டுக் கண்ணெல்லாம் முற்றத்தில் விழுகிறதென்று தகரம் போட்டு மூடிவிட்டிருந்தார்கள். பகலிலும் டியூப் லைட். மூத்த அண்ணன் வீடியோ காலில், "எல்லாத்தையும் தட்டிட்டு ஏசி ரூம் கட்டிக் குடுங்க சார்" என்றார். இவர் விடவில்லை. எப்படியோ பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். தகரத்தைக் கழற்றி, சாய்வாக மரப் பட்டைகளை அடுக்கி, வெயில் விழும், பார்வை விழாது என்கிற மாதிரி ஒரு கூரை செய்தார். வேலை முடிந்த அன்று ஜுலைகா முற்றத்தின் நடுவில் முக்காட்டைத் தளர்த்திக்கொண்டு முகத்தை மேலே தூக்கி நின்றார். "மாஷா அல்லாஹ். நம்ம வூடா இது?" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அன்று திரும்பி வரும்போது நானும் அவரை முழுசாக நம்பினேன்.

அவர் ஊருக்குத் திரும்பியதே அப்பாவுக்காகத்தான். பக்கவாதத்தில் விழுந்த பெரியவரைத் திருச்சியில் பார்த்த டாக்டர்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இவர் வேலையை விட்டுவிட்டு வந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். நான் சேர்ந்த காலத்தில் பெரியவர் துறைமங்கலத்து வீட்டு ஹாலில், மூக்கில் டியூபோடு, ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தார். புரட்டிப் போடுவது, புண்ணுக்கு மருந்து போடுவது, நகம் வெட்டுவது எல்லாம் இவர்தான். அருவருப்பென்று முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. "இன்னைக்குக் கண்ணு நல்லா அசையுதும்மா" என்று காலையில் ஆபீசுக்கு வந்ததும் சொல்வார்.

ஒருநாள் டிராயிங்கில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். அவர் வருவதற்குள் அவருடைய மனைவி என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாமா ஒரு தடவ பேசினாரும்மா" என்றார். "துணி மாத்திக்கிட்டிருந்தேன். என் கையப் புடிச்சுக்கிட்டு 'வுடு, வுடு'ன்னாரு. கையத்தான் வுடச் சொல்றாருன்னு வுட்டேன். திரும்பப் புடிச்சு, டியூபக் காமிச்சு, 'வுடு'ன்னாரு."

"சார்கிட்ட சொன்னீங்களாக்கா?"

"சொன்னேனே. அவருக்கு ஒரே சந்தோஷம். 'வூடு'ன்னு சொல்லியிருப்பாரு, வூட்டு நெனப்பு வந்துடுச்சு, மூள வேல செய்யுதுன்னாரு. அன்னைக்கே புதுசா ஒரு பிசியோதெரபி ஆளக் கூட்டிட்டு வந்துட்டாரு."

அக்கா அழவில்லை. துணி காய்கிற கயிற்றைப் பார்த்துக்கொண்டு, "தெனமும் அந்த மனுஷன் கண்ணப் பாக்க முடியல என்னால" என்றார். அதற்குள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகிற பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டினாற்போல ஒரு ஊர். லாரிகள் போய்ப் போய் வேப்ப மரத்தின் இலைகூட வெள்ளையாக இருக்கும். மத்தியானம் சுரங்கத்தில் சங்கு ஊதுவார்கள். கொஞ்ச நேரத்தில் வெடி. தரை ஒரு தடவை உதறிக்கொள்ளும். அங்கே முற்றம் வைத்த ஒரு பெரிய ஓட்டு வீட்டில் பாக்கியம் என்ற அம்மா தனியாக இருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அவருடைய மகன் செந்தில்தான் எங்களிடம் வந்தவர். வீட்டை இடித்துவிட்டு வரிசையாகச் சின்னச் சின்ன போர்ஷன் கட்டி லாரி டிரைவர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும். அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போய்விட வேண்டும். அவ்வளவுதான் அவர் எண்ணம்.

நாங்கள் போனபோது பாக்கியம் அம்மா கிளம்பத் தயாராகவே இருந்தார். பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது. சாமி படங்கள் இறங்கிய இடங்களில் சுவர் சதுரம் சதுரமாகப் புதுசாகத் தெரிந்தது.

"செவுரெல்லாம் வாயப் பொளந்துடுச்சு தம்பி" என்றார் இவரிடம். "வெடி வெக்கிறப்பல்லாம் தெருவுல போயி நின்னுக்குவேன். அடங்கினப்புறம்தான் உள்ள வருவேன். போதும். மவன் கூப்புடறான், போயிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

இவர் செருப்பைக் கழற்றினார். முற்றத்துக்குப் போனார். பிறகு தெருப்பக்கத்துச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வாசற்கதவைச் சுற்றிச் சுண்ணாம்பில் பூவும் கொடியுமாகப் போட்டிருந்த சுவர் அது. அதுதான் வெளிப்பக்கமாக வயிறு தள்ளியிருந்தது.

"காப்பாத்திடலாம்மா" என்றார்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். உள்ள இரும்புல ஒரு வூடு வச்சுடுவோம். எவ்வளவு வெடி வெச்சாலும் உங்க மேல ஒரு ஓடு விழாது."

செந்தில், "சார், நான் அதுக்கு வரல" என்று ஆரம்பித்தார். ஆனால் அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன். வேண்டாம் என்று மூட்டை கட்டி வைத்துவிட்ட ஆசை திரும்பி வருகிற முகம். அந்தம்மா சாக்கை அவிழ்த்து, முருகன் படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். செந்தில் அவிழ்ந்த சாக்கை மடித்து ஓரமாக வைத்தார்.

இரும்புக் கணக்குப் போட்டுத் தருகிற இன்ஜினியர் திருச்சியிலிருந்து வந்து பார்த்தார். தெருச் சுவரை நாலைந்து இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "இத முதல்ல எறக்கிடுங்க" என்றார். "மண் சாந்து. கூர பாரம் மேல உக்காந்திருக்கிறதாலதான் நிக்குது. நீங்க பாரத்தத் தூக்கி இரும்பு மேல வச்சுட்டா, இதப் புடிச்சு நிறுத்த ஒண்ணும் இருக்காது."

"சட்டத்தோட கம்பி போட்டு இழுத்துக் கட்டிடலாம் சார்."

"கட்டுற வரைக்கும்?"

"முகத்த எடுத்துட்டு யாரக் காப்பாத்தறது?" என்றார் இவர். இன்ஜினியர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஆடி மாதத்தில் பெரியவர் இறந்தார். அதற்கு மறுவாரமே இவர் மொட்டைத் தலையோடு பாக்கியம் அம்மா வீட்டு முற்றத்தில் நின்றார். "வூட்ல துக்கத்த வச்சுக்கிட்டு வேலைக்கு வரலாமா தம்பி?" என்று அந்தம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் முன்னாடியே நான் சீனாவுலேருந்து வந்திருக்கணும்மா" என்றார். அதன் பிறகு அந்த வீட்டுக்குத் தினமும் போக ஆரம்பித்தார். வேறு இரண்டு வேலைகள் அப்படியே நின்றன.

பாக்கியம் அம்மா பின்பக்கத்து அறை ஒன்றில் அடுப்பு வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். கூரையைப் பிரிப்பதற்கு முன்னால் நான் கேட்டேன். "வேல முடியற வரைக்கும் அந்தம்மாவத் திருப்பூருக்கு அனுப்பிடலாமே சார்?"

"போனா திரும்பி வர மாட்டாங்கம்மா. செந்தில் வுட மாட்டாரு. அப்புறம் வூடு போயிடும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார். "நான் சொல்லியிருக்கேன். சங்கு ஊதினா தெருவுக்குப் போகாதீங்க, இரும்புக்குள்ளயே நில்லுங்கன்னு."

ஓட்டைப் பிரித்துச் சட்டத்தின் மேல் மாற்றினார்கள். முற்றத்தைச் சுற்றி இரும்பு அழகாக எழும்பியது. மூன்று பக்கத்துச் சுவரையும் கம்பி போட்டுக் கட்டியாகிவிட்டது. தெருப்பக்கம் மட்டும் பாக்கி. தீபாவளிக்கு ஊருக்குப் போன வெல்டிங் ஆட்கள் திரும்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழையில்தான் ஒரு மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. பாக்கியம் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொன்னதை இவர் முழுசாகக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

சங்கு ஊதியிருக்கிறது. பாக்கியம் அம்மா எப்போதும் போல வெளியே வந்து, மழை என்பதால் சுவரை ஒட்டி, நிலைவாசல் ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கிறார். வெடிச் சத்தம் கேட்ட பிறகு விழுந்ததா, அதற்கு முன்பே விழுந்துவிட்டதா என்பதில் ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். சுவர் அப்படியே முழுசாகத் தெருவில் கவிழ்ந்துவிட்டது.

நாங்கள் போனபோது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். தெருவெல்லாம் செம்மண் குழம்பு. அதற்குப் பின்னால் இரும்புச் சட்டம் ரெட் ஆக்சைடு பூச்சோடு, மழையில் பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. தெருவிலிருந்தே முற்றம் தெரிந்தது. அடுப்பு வைத்த அறை தெரிந்தது. கொடியில் அந்தம்மாவின் புடவை தெரிந்தது.

இவர் செருப்பைக் கழற்றினார். மண்ணை மிதித்துக்கொண்டு உள்ளே போய், நின்றுகொண்டிருந்த மூன்று சுவர்களிலும் ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாக ஆபீசில் பேசுகிற குரலில் சொன்னார்.

"மத்ததெல்லாம் நல்லாருக்கும்மா. காப்பாத்திடலாம்."

கூட்டத்தில் தலையில் முக்காடு மாதிரி சாக்கைப் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண் முன்னால் வந்தார். "யாரய்யா காப்பாத்தப் போற?" என்றார். அவர் கத்தவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் போய் இவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். "உள்ளயே நிக்கச் சொன்னேன்ம்மா" என்றார். "நான் சொல்லியிருந்தேன்." பெரம்பலூர் வருகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

போலீஸ் வந்து விசாரித்தது. மழையில் சுவர் விழுந்தது என்று முடிந்தது. செந்தில் யார் மேலும் புகார் கொடுக்கவில்லை. அது எனக்குப் புரியவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் அவர் போன் செய்தார். "சாரை மட்டும் ஒரு தடவ வரச் சொல்லுங்க" என்றார். இவரால் அப்போது ஸ்கூட்டரை உதைக்கக்கூட முடியவில்லை. நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன்.

தெருவைச் சுத்தம் செய்திருந்தார்கள். வாசலில் ஒரு ஜேசிபி நின்றது. டிரைவர் மேலே உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையோடு செந்தில் எங்களிடம் வந்தார். "வாங்க சார்" என்று கைகூப்பினார். எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

"இன்னைக்கு எல்லாத்தையும் எடுத்துடப் போறேன் சார்" என்றார்.

இவர் தலையை ஆட்டினார்.

"வண்டிக்காரர் ரெடியாத்தான் இருக்காரு. நீங்க சொன்னா ஆரம்பிச்சுடுவாரு."

"நானா?"

"நீங்கதான் சார் சொல்லணும்." செந்திலின் குரலில் கோபமே இல்லை. ராத்திரி பகலாக யோசித்து முடித்துவிட்ட ஒருவர் பேசுகிற மாதிரி இருந்தது. "எங்கம்மா மூட்ட கட்டி வச்சிருந்தாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க, அவுத்துட்டாங்க. இதையும் உங்க வாயாலயே சொல்லிடுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். இவர் வீட்டைப் பார்த்தார். மூன்று சுவரும், நடுவில் முற்றமும், இரும்பும். கை தன்னால் கொஞ்சம் மேலே வந்து, பிறகு இறங்கிவிட்டது. செந்தில் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தார்.

"இடிச்சுடுங்க" என்றார் இவர்.

எஞ்சின் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்கவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு, காதருகே கையைக் குவித்துக்கொண்டு குனிந்தார்.

"என்ன சார்?"

இரண்டாவது தடவை அவர் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.